ஊழியத்தில இருக்கிறவள் "ஏலாது" எண்டு சொல்லலாமோ?

வாய்க்கால்கரைப் பிள்ளை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா இங்க வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இதை எழுதவும் ரெண்டு கிழமையா யோசிச்சு, எழுதி எழுதி அழிச்சிட்டன். பேர் ஊர் கேக்காதேங்கோ, கிளிநொச்சிப் பக்கம், இரணைமடு வாய்க்கால் பாயிற ஒரு ஊர் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ.

எனக்கு 27 வயசு, கார்மென்ட்ஸில வேலை. விடிய அஞ்சே முக்காலுக்கு பஸ் வரும், வீட்ட திரும்பி வர ஆறு மணியாகும், ஓவர்டைம் எண்டால் எட்டு. அம்மாவுக்கு சீனி வருத்தம், வலது கால் பெருவிரலுக்குக் கீழ ஒரு புண் வந்து நாலு மாசமா ஆறுதில்லை. கிளினிக்கில சொன்னவை ஒவ்வொரு நாளும் சேலைன் தண்ணியால கழுவி ஒத்தி எடுத்து மருந்து வச்சுக் கட்டவேணும், விட்டால் பிசகிப் போகும் எண்டு. தம்பி ஏ.எல். படிக்கிறான்.

இனி சபை விசயம். அப்பா செத்தபோது எங்களிட்ட ஒரு சதம் இல்லை, பெட்டி எடுத்தது, பந்தல் போட்டது, ஆக்களுக்கு தேத்தண்ணி குடுத்தது எல்லாம் சபைதான், என்ர ஏ.எல். ரியூசன் காசும் அவைதான் கட்டினவை, அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். அதால கேட்ட எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிச் சொல்லி இப்ப எப்பிடி வந்து நிக்குதெண்டால், புதன் ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பின்னேரம் சபை கழுவித் துடைச்சு ஞாயிறு சமையலுக்கு மரக்கறி வெட்டுறது, ஞாயிறு கீபோர்ட், பிறகு ஓய்வுநாள் பாடசாலை, பிறகு 80 பேருக்கு சோறு. இதுகூடப் பரவாயில்லை. ஒரு வருசமா கிழமையில ரெண்டு நாள் வேலை முடிஞ்சு வரேக்க போதகர் வீட்டில இறங்கி முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்ச்சுக் குடுத்திட்டுத்தான் வீட்ட போறன். அதையும் ஊழியம் எண்டுதான் சொன்னவை.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை "அம்மாவுக்கு மருந்து கட்டோணும், இண்டைக்கு வரேல்லை" எண்டு போதகருக்குக் கோல் எடுத்துச் சொன்னன். கலப்பையில கை வச்சிட்டு திரும்பிப் பாக்கிறவளைப் பற்றி வசனம் சொன்னார். பிறகு "கர்த்தருக்கு அடிமை எண்டு உன்னை ஒப்புக்குடுத்தனி, அடிமைக்கு ஏலாது எண்ட சொல் இல்லை" எண்டார். பிறகு கொஞ்சம் மெதுவா, "அப்பான்ர செத்தவீட்டை நினைச்சுப் பார் மகள்" எண்டும் சொன்னார். அண்டைக்கு நான் போனன். தம்பி மருந்து கட்ட மறந்திட்டான். அடுத்தநாள் கட்டு அவிழ்க்கேக்க மணந்தது.

ஞாயிறு காலமை நானே கீபோர்ட் வாசிச்சு "விடுதலை விடுதலை" எண்டு சனம் பாடுது. கலாத்தியர் 5:1ல கிறிஸ்து எங்களை விடுதலையாக்கினார் எண்டு இருக்கு, அதே அதிகாரம் 13ல ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் எண்டும் இருக்கு. இது ரெண்டும் என்னெண்டு ஒண்டா நிக்கும் எண்டு எனக்கு விளங்கேல்லை. நான் சபையை விட்டுப் போகக் கேக்கேல்லை. ஏலாது எண்டு சொன்னால் அது பாவமோ எண்டு மட்டும் தெரியோணும்.

வவுனியாப் பெடியன்

அக்கா இதில யோசிக்க என்ன இருக்கு, வேற சபைக்குப் போங்கோ. வீட்டு வேலைக்கு ஆள் வச்சால் நாள் கூலி குடுக்கோணும், உங்களிட்ட வசனத்தைச் சொல்லிச் செய்விக்கினம். வாசிக்கவே கோவம் வருது. அம்மாவைப் பாருங்கோ முதல்.

ஒட்டுசுட்டான் சகோதரன்

தங்கச்சி, வீட்டு முற்றம் கூட்டுவிச்சது சரியெண்டு நான் சொல்லேல்லை. ஆனா மேல தம்பி சொன்னமாதிரி டக்கெண்டு வெளிக்கிட்டுப் போறதுக்குத்தான் இப்ப எல்லாரும் விடுதலை எண்டு பேர் வச்சிருக்கினம். பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்தைத் தொடங்கேக்கயே தன்னை இயேசு கிறிஸ்துவின்ர அடிமை எண்டுதான் அறிமுகப்படுத்துறார். ரெண்டு எஜமானுக்கு ஊழியம் செய்ய ஏலாது எண்டு ஆண்டவரே சொன்னவர். எஜமானே இல்லாமல் இருக்கலாம் எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை.

நான் ஒண்டு சொல்லுறன். 2009ல செட்டிகுளம் முகாமில நாங்கள் ஒரு கூடாரத்தில ரெண்டு குடும்பம். தண்ணி வரிசை விடியப்புறம் தொடங்கும், தண்ணிக் கானைக் கயிறு கட்டி வரிசையில வச்சிட்டு வெயிலுக்க நிக்கோணும். எங்கட லைனில ஒரு அக்கா, புருசனும் மூத்த மகனும் யுத்தத்தின்ர கடைசி மாசத்தில செத்துப்போச்சினம், அவ தன்ர கானோட சேத்து நடக்க ஏலாத ரெண்டு கிழவருக்கும் தண்ணி எடுத்துக் குடுப்பா. சொந்தமில்லை, ஊர்க்காரரும் இல்லை. அவவை ஆரும் சொல்லேல்லை, ஆரும் கேக்கேல்லை. ஒருநாள் காய்ச்சலோட நிண்டா, நான் "இண்டைக்கு விடுங்கோ அக்கா" எண்டன், "அதுகள் பாத்துக்கொண்டு இருக்குங்கள் தம்பி" எண்டு போட்டு நிண்டா. அவ "ஏலாது எண்டு சொல்ல எனக்கு உரிமை இருக்கோ" எண்டு யோசிச்சிருந்தால் அந்த ரெண்டு கிழவரும் என்ன ஆகியிருப்பினம்? அண்டைக்கு நான் கண்டதுதான் கிறிஸ்தவம். அந்தளவுக்கு ஒருத்தர் தன்னைக் குடுக்கிறதைக் கண்டாப் பிறகு உரிமை எண்ட கதையை என்னால பெருசா எடுக்க ஏலாமல் இருக்கு. தப்பா எடுக்காதேங்கோ.

பழைய வாத்தியார்

மகள், உம்மட கேள்வியை ரெண்டுதரம் வாசிச்சன். நான் இப்ப வேலையில இல்லை, பென்சன் எடுத்தாச்சு, கொஞ்சம் நீட்டி எழுதுவன், பொறுத்துக்கொள்ளும்.

முதல் அந்த அடிமை எண்ட சொல்லுக்கு வருவம். புதிய ஏற்பாடு எழுதின கிரேக்கத்தில டூலொஸ் எண்டால் நேரா அடிமைதான். எங்கட பழைய மொழிபெயர்ப்பில ரோமர் 1:1ல அதை ஊழியக்காரன் எண்டு போட்டிருக்கு, பிலிப்பியர் 2:7ல அதே சொல்லை "அடிமையின் ரூபமெடுத்து" எண்டு போட்டிருக்கு. கலாத்தியர் 5:13ல வாற "ஊழியஞ்செய்யுங்கள்" எண்டதும் அதே வேர்தான். அப்ப ஒட்டுசுட்டான் தம்பி சொன்னது பிழையில்லை, சொல் கடுமையான சொல்தான். எங்கட மண்ணில அது இன்னும் கடுமை. 1707ல ஒல்லாந்தர் காலத்தில தொகுத்த தேசவழமை எண்ட யாழ்ப்பாண வழமைச் சட்டத்தில அடிமையளுக்கெண்டே ஒரு பகுதி இருந்தது, இலங்கையில அடிமைமுறையைச் சட்டத்தால ஒழிச்சது 1844ல. சட்டம் போனாப் பிறகும் அடிமை குடிமை எண்ட சாதிப் பேச்சு ஆரின்ர முதுகில கிடந்தது எண்டு எங்களுக்குத் தெரியும், கோயிலுக்குள்ள ஆர் எங்க இருந்தவை எண்டும் தெரியும். ஆனபடியா மேடையில நிக்கிறவர் கீழ இருக்கிறவளைப் பாத்து "நீ அடிமை" எண்டு சொல்லேக்க எனக்கு உடம்பு கூசும். பவுல் அந்தச் சொல்லைத் தனக்குத்தான் சொன்னவர். அடுத்தவனை வேலை வாங்கச் சொல்லேல்லை.

இப்ப யாத்திராகமம் 21ஐ எடும். எபிரெய அடிமை ஒருத்தன் ஆறு வருசம் வேலை செய்தால் ஏழாம் வருசம் சும்மா விடுதலை. உபாகமம் 15ல இன்னும் ஒருபடி மேல, அவனை வெறுங்கையோட அனுப்பாதை, உன்ர ஆட்டில, களத்தில, ஆலையில இருந்து அள்ளிக் குடுத்து அனுப்பு எண்டிருக்கு. காலபோகம் வெட்டிக் களத்தில நெல் குவிச்சு வச்சிருக்கிற எங்கட சனத்துக்கு அது எவ்வளவு எண்டு விளங்கும். அப்பிடிக் கிடைச்சும் அவன் "என் எஜமானை நேசிக்கிறேன், போக மனதில்லை" எண்டால், அவனைக் கதவுநிலையோட சேத்து வச்சுக் காது குத்தவேணும், பிறகு அவன் என்றைக்கும் அந்த வீட்டு ஆள். இதை எத்தினையோ பிரசங்கத்தில "முழு அர்ப்பணிப்பு" எண்டு கேட்டிருப்பீர். ஆனா காது எங்க வச்சுக் குத்துப்படுது எண்டு பாரும். வாசலில. ஏழாம் வருசம் கதவு திறந்து விட்டாச்சு, வெளியால றோட்டு தெரியுது, அவன் விரும்பினால் நடக்கலாம், அப்பிடி இருக்கேக்கதான் அவன் நிக்கிறன் எண்டு சொல்லுறான். பூட்டின வீட்டுக்குள்ள இருந்து "நான் போகமாட்டன்" எண்டு சொன்னால் அதில என்ன இருக்கு? பூட்டின கதவில வச்சு எத்தினை காது குத்தினாலும் அது வெறும் காயம்.

இதால நான் சொல்லுறன், ஏலாது எண்டு சொல்ல இடமிருந்தால்தான் நீர் சொல்லுற ஓமுக்குப் பெறுமதி. ஆண்டவரும் தன்ர உயிரைப் பற்றிச் சொல்லேக்க, ஒருவனும் அதை என்னட்ட இருந்து எடுக்கேல்லை, நானாத்தான் குடுக்கிறன் எண்டு யோவான் 10ல சொல்லுறார்.

இன்னொண்டு, "ஒருவருக்கொருவர்" எண்ட சொல்லை வடிவாப் பாரும். நீர் அவையின்ர முற்றம் கூட்டுறீர். அவையில ஆராவது ஒருநாள் வந்து உம்மட அம்மான்ர காலுக்கு மருந்து கட்டினவையோ? ஒரு பக்கத்தால மட்டும் போய்க்கொண்டிருக்கிற ஊழியத்துக்கு கலாத்தியர் 5:13ஐக் காட்ட ஏலாது.

அதோட மாற்கு 7. தேப்பனுக்கும் தாய்க்கும் குடுக்கவேண்டியதைக் கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை எண்டு சொல்லிப்போட்டு அவைக்கு ஒண்டும் செய்யாமல் விடுறதை ஆண்டவர் எவ்வளவு கோவத்தோட கண்டிச்சவர் எண்டு வாசிச்சுப் பாரும். தாயின்ர மருந்துக்கட்டு நேரத்தைப் பிடுங்கி உபவாச ஜெபத்தில வைக்கிறதும் அதுதான். நீர் பிழை செய்யேல்லை, உம்மட்ட அப்பிடிக் கேட்டதுதான் பிழை.

தர்மபுரத்தான்

நான் வேதம் அவ்வளவு படிச்சவன் இல்ல. மேல வாத்தியார் ஐயா எழுதினத வாசிச்சதும் எனக்கு எங்க வீட்டுக் கதை ஒண்டு ஞாபகம் வந்திச்சு, அத எழுதலாம்னு வந்தன்.

நாங்க மலையகத்தில இருந்து வந்த ஆக்கள். 77 கலவரத்தில தோட்டத்து லய வீட்ட விட்டு ஓடி வந்து இங்க காடு வெட்டிக் குடியேறினது எங்க தாத்தா. அவருக்கு அவரோட தாத்தா சொன்ன கதை இது. அந்தக் காலத்தில தோட்டத்தில துண்டு எண்டு ஒரு கடதாசி. இந்தியாவில இருந்து கூட்டி வந்த செலவு, அரிசி, கம்பளி, கங்காணி குடுத்த முற்பணம் எல்லாம் ஆள் பேருல கடனா நிக்கும். வேற தோட்டத்துக்குப் போகணும்னா துரை ஒரு துண்டு எழுதிக் குடுப்பாரு, இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினா விடுறம் எண்டு. புதுத் தோட்டம் அந்தக் காசக் கட்டி ஆள எடுக்கும். அப்ப கடன் தீந்திச்சா? இல்ல. அதே கடன் இப்ப புதுத் தோட்டத்துக் கணக்கில. ஆளுக்கு விலை குடுத்தாச்சு, ஆனா ஆள் இன்னும் கடன்காரன். அப்பிடியே கங்காணி மாறும், மலை மாறும், துண்டு மட்டும் மாறாது. அந்த முறைய 1921ல சட்டம் போட்டு நிப்பாட்டினாங்க. கதை சொன்ன அந்தப் பாட்டன் அதுக்கப்புறமும் எந்தக் கடதாசியக் கண்டாலும் பயப்படுவாராம், கல்யாண ரெஜிஸ்டர்லயே கைநாட்டு வைக்க மாட்டன்னு நிண்டாராம்.

ஒண்ணு கொரிந்தியர் 7:23ல "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்" எண்டு இருக்கில்ல. சின்ன வயசில அத கேக்கறப்ப எனக்குப் பிடிக்காது. விலை குடுத்து வாங்கிறதுன்னா எங்களுக்குத் துண்டுதான. இயேசு புதுத் துரை, கங்காணி மட்டும் மாறியிருக்கான், அப்பிடித்தான் மனசில விழும். ரொம்ப நாள் கோயில் பக்கமே போகல. பிறகு ஒருநாள் ஒரு செத்தவீட்டில கொலோசெயர் 2:14 வாசிச்சாங்க, எங்களுக்கு விரோதமா இருந்த கையெழுத்தக் குலைச்சு சிலுவையில ஆணியடிச்சார்னு. அந்தக் கையெழுத்துன்னா கடன் சீட்டாம், பாஸ்டர் அப்பிடித்தான் விளக்கினாரு. எனக்கு அந்த இடத்திலயே கண்ணு கலங்கிடுச்சு. விலையக் கட்டினாரு, ஆனா கணக்கத் தன் பேருக்கு மாத்தி எடுக்கல. துண்ட வாங்கி ஆணியில குத்திட்டாரு. அதுக்கப்புறம் வேற யாருகிட்டயும் என் பேருல துண்டு இல்ல, அதனாலதான் அந்தக் கொரிந்தியர் வசனத்திலயும் மனுஷருக்கு அடிமையாகாதன்னு கூடவே வருது.

தங்கச்சி, உங்க அப்பா செத்தவீட்டுச் செலவ உங்களுக்கு ஞாபகப்படுத்தினாங்கன்னு எழுதியிருக்கீங்க. அத வாசிக்கறப்ப எனக்குத் துண்டுதான் தெரிஞ்சிச்சு. அண்டைக்குக் குடுத்தது அன்பாக் குடுத்ததுன்னா அதில கணக்கு இல்ல. நீங்க நன்றியோட இருக்கிறது வேற, அது நல்லது, அத விடாதீங்க. ஆனா முற்றம் கூட்டிக் கூட்டிக் கட்டி முடிக்கிற கடன் இல்ல அது.

வாய்க்கால்கரைப் பிள்ளை

வாசிச்சு அழுதிட்டன். வாத்தியார் ஐயா, தர்மபுரத்து அண்ணா, நன்றி.

ஒரு உண்மையைச் சொல்லோணும். நான் நல்ல மனசோட செய்துகொண்டு இருந்தவளும் இல்லை. அவையின்ர முற்றத்தைக் கூட்டேக்க ஒவ்வொரு சருகையும் எண்ணின மாதிரிக் கூட்டுவன், மனசுக்க ஒரு கணக்கு ஓடும், இண்டைக்கு இவ்வளவு செய்தன், போதகரின்ர மனுசி எனக்கு ஒரு தேத்தண்ணிகூடத் தரேல்லை, கடவுள் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு. ஒட்டுசுட்டான் அண்ணா சொன்ன அந்த அக்கா மாதிரி எனக்கு ஒருநாளும் வரேல்லை. அப்ப என்னிலயும் பிழை இருக்குத்தானே?

மற்றது ஓய்வுநாள் பாடசாலையில 23 பிள்ளையள். அதில நாலு பேருக்குத் தாய் வெளிநாட்டில, அம்மம்மாவோட இருக்குதுகள், ஞாயிறு என்னைக் கண்டால் வந்து சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குங்கள். அதை நான் கடமைக்கு செய்யேல்லை, அது எனக்கு விருப்பம். எல்லாத்தையும் ஒண்டா விட ஏலாது.

பழைய வாத்தியார்

மகள், அந்தக் கணக்குத்தான் லூக்கா 15ல, கெட்ட குமாரன் கதையில, மூத்த மகன்ர வாயில வருது. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" எண்டு தேப்பனைப் பாத்துச் சொல்லுறான், அங்கயும் அந்த அடிமை வேர்ச்சொல்தான். இளையவன் கூலிக்காரனா வைச்சுக்கொள்ளும் எண்டு கேக்க நினைச்சு வாறான், மூத்தவன் வீட்டுக்குள்ளயே அடிமையாக் கிடக்கிறான், தேப்பன் ரெண்டு பேரையும் மகன் எண்டுதான் கூப்பிடுறார். உம்மட கோவத்தில பாவம் தேடிக் கொண்டிருக்காதையும். எங்க கணக்கு ஓடுதோ அங்க நீர் பிள்ளையா இல்லை, எங்க ஓடேல்லையோ, அந்த 23 பிள்ளையளிட்ட, அங்க நீர் வீட்டில நிக்கிறீர்.

முல்லைக்கடல்

தங்கச்சி நான் கத்தோலிக்கம், உங்கட சபை முறை எனக்குத் தெரியாது, எங்கட பைபிளில கலாத்தியர் 5ல விடுதலை எண்ட இடத்தில "உரிமை வாழ்வு" எண்டு வரும், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

எங்கட வீடு கரைவலைக் குடும்பம். பிறகு கன இடத்தில உழவுமெசினில வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினவை, நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க கையாலதான். ரெண்டு கயிறு, ரெண்டு பக்கமும் ஆக்கள் வரிசையா, இடுப்பில பட்டி கட்டிக் கொழுவி பின்னுக்கு நடந்து நடந்து இழுப்பினம், கடைசியில வலையின்ர மடி கரைக்கு வரும். வரிசையில கடைசி ஆள் இழுத்து முடிஞ்சால் கயிறை விட்டிட்டு முன்னுக்கு ஓடித் தண்ணியடியில பிடிப்பான், அப்பிடி மாறி மாறித்தான். ஒருத்தன் விட்டால் வலை போகாது, ஏனெண்டால் மற்றவையின்ர கையில கயிறு இருக்கு. அதே ஆளைத் தண்ணிக்குள்ள நாள் முழுக்க நிப்பாட்டி வச்சால் அவனுக்கு விறைச்சுப் போகும், மற்றவையும் பழகமாட்டினம். உங்கட சபையில 80 பேர் சாப்பிடுகினம் எண்டு எழுதியிருக்கிறியள். மரக்கறி வெட்ட ஏன் நீங்கள் ஒராள்? நீங்கள் விட்டால்தான் மற்றவை கயிறைப் பிடிப்பினம்.

பெரிய வியாழன் எங்கட கோயிலில பாதம் கழுவுவினம். ஒருவருசம் என்ர மனுசனைப் பன்னிரண்டு பேரில ஒராளாக் கூப்பிட்டவை. கடலுக்க போற ஆளின்ர கால் தெரியும்தானே, குதி முழுக்க வெடிப்பு, உப்புத்தண்ணி பட்டுப் பட்டு நகம் கறுத்துப்போய். அவர் வெக்கத்தில ரெண்டு நாளா எலுமிச்சங்காயும் கல்லும் போட்டுத் தேய்ச்சவர். ஃபாதர் குனிஞ்சு கழுவி, துவாயால விரலிடுக்கெல்லாம் ஒத்தித் துடைச்சு, முத்தம் குடுத்தார். இவர் காலை இழுக்கப் பாத்தவர். பேதுருவும் அப்பிடித்தானே சொன்னவர், நீர் என் காலைக் கழுவப்படாது எண்டு. யோவான் 13ல ஒண்டு இருக்கு, பிதா எல்லாத்தையும் தன்ர கையில தந்திட்டார், தான் எங்க இருந்து வந்தவர், எங்க போறவர் எண்டு தெரிஞ்சு கொண்டுதான் ஆண்டவர் சீலையை இடுப்பில கட்டுறார். ஆரும் அவரை "குனி" எண்டு சொல்லேல்லை.

ஒட்டுசுட்டான் அண்ணை, கோவியாதேங்கோ, நீங்கள் சொன்ன முகாம் அக்காவையும் ஆரும் சொல்லேல்லை ஆரும் கேக்கேல்லை எண்டு நீங்களேதான் எழுதியிருக்கிறியள். அந்த அக்கான்ர பேரைச் சொல்லி இந்தத் தங்கச்சியை வரிசையில நிக்க வைக்காதேங்கோ.

தங்கச்சி, தனியாப் போய்க் கதைக்காதேங்கோ. சபையில வயசான, எல்லாரும் மதிக்கிற ஒரு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சபை வேலை வேற, வீட்டு வேலை வேற எண்டு முதல் பிரிச்சுச் சொல்லுங்கோ. கத்தவேண்டாம், மன்னிப்பும் கேக்கவேண்டாம்.

ஒட்டுசுட்டான் சகோதரன்

ரெண்டு நாளா இந்தப் பதிலுகளைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். முல்லைக்கடல் அக்கா சொன்னது சரி, நான் எழுதினதையே நான் வடிவா வாசிக்கேல்லை.

இன்னொண்டையும் இங்க சொல்லுறன். நான் கனவருசமா ஜெபக்கூட்டம் முடிய ஆக்களைக் கேட்டுக் கேள்வி இல்லாமல் வீட்ட கூட்டிக்கொண்டு வருவன், பத்துப் பேர் பன்னிரண்டு பேர், மனுசி இரவு ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டிப் புட்டு அவிப்பா. விருந்தோம்பல் எங்கட வீட்டு ஊழியம் எண்டு சாட்சி சொல்லுற இடமெல்லாம் சொல்லியிருக்கிறன். நேற்று அவவிட்ட கேட்டன், உமக்கு இது விருப்பமோ எண்டு. அவ ஒண்டும் சொல்லேல்லை, மாக்கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே நிண்டா. கனநேரம் நிண்டா. தங்கச்சி, உங்களிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன்.

வாய்க்கால்கரைப் பிள்ளை

மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். கன பேர் உள்பெட்டியில கேட்டிருக்கிறியள், அதால இங்கயே சொல்லுறன்.

போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு, சபையில மூத்த ஒரு அம்மாவோட போய்ப் போதகரிட்ட கதைச்சன். ஓய்வுநாள் பாடசாலையும் கீபோர்ட்டும் சந்தோசமாச் செய்யிறன், சனி வேலையை முறை போட்டுச் செய்வம், வீட்டுக்கு வந்து கூட்டுறதும் தோய்க்கிறதும் இனி ஏலாது, கிழமை நாளில பின்னேரம் அம்மான்ர எண்டு சொன்னன். கை நடுங்கினது. செத்தவீட்டுக் கதையும் வந்தது. அதுக்கு நான், "ஐயா அதை நீங்கள் எங்களுக்கு அன்பாத்தான் செய்தனீங்கள், நான் அதைக் கடனா நினைச்சால் உங்களைத்தான் குறைச்சு நினைக்கிற மாதிரி" எண்டன். அது தர்மபுரத்து அண்ணான்ர பதிலில இருந்து எடுத்ததுதான். அவர் கனநேரம் பேசேல்லை, பிறகு ஜெபிப்பம் எண்டு சொல்லி ஜெபிச்சார். போதகரின்ர மனுசி ரெண்டு கிழமையா என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அது எனக்குச் சரியான கவலை, இரவில நித்திரை வரேல்லை, இல்லையெண்டு சொன்னால் பொய். ஆனா போன சனி முறைக்கு ரெண்டு அக்காமார் தாங்களாவே வந்து நிண்டவை, ஒரு அண்ணை பூசணிக்காயைக் கத்தியால வெட்டத் தெரியாமல் நிலத்தில போட்டு உடைச்சார், பிள்ளையள் எல்லாம் சிரிச்சதுகள்.

பின்னேரம் வந்து கிணத்தடிக் கட்டில அம்மாவை இருத்தி, பழைய கட்டை நனைச்சு மெதுவா அவிழ்த்து, சேலைனை ஊத்திக் கழுவுறன். முதல் நாள் அம்மா காலை இழுத்துக்கொண்டா, "வேலைக்குப் போட்டு வந்த பிள்ளை என்ர காலைப் பிடிக்கிறதோ, விடு" எண்டு. நான் விடேல்லை. இப்ப தானே காலை நீட்டிக்கொண்டு அண்டண்டைக்கு நடந்த ஊர்க்கதை எல்லாம் சொல்லத் தொடங்கிட்டா.

நேற்று கிளினிக்கில நேர்ஸ் மிஸ் பாத்திட்டு புண்ணின்ர ஓரம் சிவந்து தசை வருது, இப்பிடியே விடாமல் கட்டுங்கோ எண்டவ. கட்டுத்துணி முடிஞ்சுபோச்சு, கடை பூட்டமுதல் வாங்கப் போகோணும், பிறகு வாறன்.